மூன்றாம் நம்பரின் நாக்கு

1969 அக்டோபர் 23, வியாழன்

இன்று கம்பெனி முழுக்க என் முதுகைப் பார்த்துச் சிரித்தது.

மூன்றாம் நம்பர் மிஷினின் மேல்தட்டைப் பார்க்க, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். செக்கிங் மேஜையில் துணி பார்க்கிற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமலே நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். பிறகு அவர்களில் மருதாள்தான் சொன்னாள்: "மெக்கானிக்கண்ணா, உங்க பனியன்ல முதுகுப் பக்கம் நூல் அந்து ஒரு சாண் ஓட்டைங்க. உங்களுக்கு ஸ்டாப் மோஷன் வெக்கலீங்களா?"

பனியன் கம்பெனியில் பதினோரு வருஷமாக மெக்கானிக். நாங்கள் ஓட்டுகிற துணி கல்கத்தா வரைக்கும் போகிறது. என் முதுகில் ஓட்டை. மனைவி அமராவதியிடம் சொன்னால், 'நாலு மாசமா நான் சொல்றது காதுல ஏறல, மருதாள் சொன்னதும் ஏறுதாக்கும்' என்பாள். சொல்லவில்லை.

ஏணியில் ஏறியதற்குக் காரணமும் ஓட்டைதான். மூன்றாம் நம்பரில் ஓடிய துணியில், காலையில் ஓடின பாகத்தில் மட்டும் கை நுழைகிற அளவு ஓட்டை. விஜயதசமிக்கு மறுநாளிலிருந்து தினமும் இப்படி.

எழுதிப் பார்க்கிறேன், எனக்கே விளங்குகிறதா என்று. மிஷின் வட்டமாகச் சுற்றுகிறது. மேலே நூல் சுற்றிய கோன்களில் இருந்து நூல் இறங்குகிறது. ஒவ்வொரு நூலும் ஒரு சின்னக் கம்பியைத் தாங்கிக்கொண்டு போகிறது. நூல் அறுந்தால் கம்பி விழும், விளக்கு எரியும், காலடியில் உள்ள தகரப் பெட்டிக்குள் ஓர் இரும்பு நாக்கு 'டக்'கென்று இழுபடும், மிஷின் நிற்கும். இதற்குப் பெயர் ஸ்டாப் மோஷன். ஒழுங்காக இருக்கிறவரை இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவு வராது. அது சோம்பிவிட்டால், நூல் அறுந்தது தெரியாமல் மிஷின் பாட்டுக்கு ஓடும், துணி ஓட்டையாகும்.

நண்பகலில் நானே ஐந்து நூலை அறுத்துப் பார்த்தேன். ஐந்து தடவையும் டக், டக் என்று நின்றது. முதலாளி ஆறுமுகசாமி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மருதாசலம்?"

"மிஷின்ல ஒண்ணுமில்லீங்க."

அவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. முதுகு ஓட்டைக்குப் பிறகு கொஞ்சம் மரியாதை சேர்க்கலாம் என்று பார்த்தேனோ என்னவோ.

அக்டோபர் 24, வெள்ளி

இன்றும் ஓட்டை. மூன்றாம் நம்பர். காலை.

அக்டோபர் 25, சனி

மூன்றாம் நம்பரையும் நான்காம் நம்பரையும் ஓட்டுகிறவன் சேக் தாவூது. நான் சேர்ந்த அடுத்த வருஷம் சேர்ந்தவன். நூலைக் காதில் வைத்தே அதன் பருமன் நம்பரைச் சொல்லுவான் என்று மற்றவர்கள் விளையாட்டாகச் சொல்வார்கள். அவன் துணியில் ஓட்டை என்று நான் கேட்டதே இல்லை.

காலையில் என் வேலை மேஜைக்கு வந்து நின்றான்.

"அண்ணா, நான் பொய் சொல்லலீங்க. நாலாம் நம்பர்ல கோன் மாத்தீட்டுத் திரும்பிப் பாத்தா, இதுல பல்பு எரியுது, மிஷின் நிக்காம ஓடுது. ஓடிப் போய் நான் நிறுத்தறதுக்குள்ள துணி போயிருது. கால் மணி நேரம் கழிச்சு அதுவே சரியாயிருது."

"அதெப்படிப்பா அதுவே சரியாகும்? அது என்ன காச்சலா?"

அவன் சிரிக்கவில்லை. "சங்கு ஊதறப்ப வந்து நின்னு பாருங்கண்ணா."

வேலை தொடங்குகிற சங்கு ஏழு மணிக்கு. மெக்கானிக்குக்கு எட்டு மணிக்கு வந்தால் போதும் என்று ஒரு சலுகை. ஏழு மணிக்கு நான் வீட்டில் பல்லுக்குச்சியோடு நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் உலக நடப்பு பேசிக்கொண்டிருப்பேன். "பாக்கலாம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் முதலாளி அவனைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"தீபாவளிச் சரக்கு போகோணும். தெனமும் காலைல ஒரு ஓட்டை. சங்கு ஊதினதும் எங்கியாச்சும் போய் உக்காந்துக்கறயா?"

"இல்லீங்க முதலாளி. மிஷின் நிக்க மாட்டேங்குதுங்க."

"மிஷின்ல ஒண்ணுமில்லைன்னு மெக்கானிக்கே சொல்லீட்டாரே."

தாவூது என் பக்கம் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கள் முதல் அவன் துணி ரோல் சுமக்க வேண்டும். அவன் இடத்தில் வேறு ஆள் ஓட்டும். அடுத்த சனிக்குள் வேறு காரணம் தெரிந்தால் சரி, இல்லாவிட்டால் அத்தோடு அவன் வேலையிலிருந்து நின்றுகொள்ளட்டும். இதுதான் முதலாளி சொன்னது. நான் கையில் இருந்த ஸ்பானரைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

சந்தைக்குப் போன அமராவதி வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: "ஏனுங்க, சபுரா அக்கா என்னைக் கண்டும் தக்காளியவே பாத்துட்டு நின்னாங்க. நீங்க என்ன பண்ணிப் போட்டு வந்தீங்க?"

சபுரா பீவி தாவூதின் மனைவி. இரண்டு பேரும் சந்தையில் சேர்ந்தால் கடைக்காரன் அழுதுவிடுவான், அப்படி விலை பேசுவார்கள். நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க காலைல போய்ப் பாத்தீங்களா?"

"இல்லை."

"பாக்காமயா ஒண்ணுமில்லைன்னீங்க?"

"மத்தியானம் பார்த்தேன்."

"காலைல வலிக்குதுன்னு வர்றவனுக்கு மத்தியானம் கை புடிச்சுப் பாக்கற வைத்தியராட்ட." ஒரு முறம் அரிசியைப் புடைத்து முடித்தாள். பிறகு, "நோன்பு வருது அவங்களுக்கு" என்றாள்.

மகள் கண்ணம்மாள் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டை விட்டுவிட்டு மடியில் வந்து உட்கார்ந்தாள். தினமும் கேட்கிறதைக் கேட்டாள்: "ஏனுங்கப்பா, எம் மிஷின் நல்லா ஓடுதுங்களா?"

மூன்றாம் நம்பரைத்தான் 'எம் மிஷின்' என்கிறாள். போன ஞாயிறு ஆயுத பூஜைக்கு வேலையாட்கள் எல்லோரும் குடும்பத்தோடு கம்பெனிக்கு வந்திருந்தார்கள். நான் ஒவ்வொரு மிஷினாகத் திறந்து, பஞ்சுத்தூசி ஊதி, எண்ணெய் விட்டுக்கொண்டு போக, இவள் சந்தனக் கிண்ணத்தோடு பின்னாலேயே வந்தாள். 'இது என்னுங்கப்பா, அது என்னுங்கப்பா' என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு என்ஜினீயர் மாதிரி நானும் விளக்கிக்கொண்டே போனேன். மோட்டாருக்குப் பொட்டு, எண்ணெய்க் கேனுக்குப் பொட்டு, ஸ்பானருக்குப் பொட்டு. வலிக்குமே என்று என் இடது முழங்காலுக்கும் ஒரு பொட்டு. மூன்றாம் நம்பருக்கு வந்தபோது பூசணிக்காய் உடைக்க முதலாளி கூப்பிட்டார். நான் திரும்பி வருவதற்குள் முழு மிஷினுக்கும் அவளே வைத்து முடித்திருந்தாள். அதனால் அது அவள் மிஷின்.

"ஓடுது கண்ணு. நல்லா ஓடுது" என்றேன்.

நாளைக்குச் சங்குக்கு முன்னால் போய் நிற்கப் போகிறேன். அமராவதியிடம் ஆறு மணிக்கு எழுப்பச் சொன்னேன். ஆறு மணியை நீங்கள் பார்த்ததுண்டா என்று கேட்டாள்.

அக்டோபர் 27, திங்கள்

தாவூது சொன்னது அத்தனையும் உண்மை.

ஏழு மணிக்குச் சங்கு ஊதி, பன்னிரண்டு மிஷினும் ஒன்றாகக் கிளம்பின. உடனே மூன்றாம் நம்பரில் ஒரு நூலை அறுத்தேன். கம்பி விழுந்தது. விளக்கு எரிந்தது. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. சிவப்பு விளக்கும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். துணி கிழிந்து இறங்க ஆரம்பித்த பிறகுதான் கையால் நிறுத்தினேன்.

ஐந்து நிமிஷம் ஓட்டி மறுபடி அறுத்தேன். நிற்கவில்லை.

பத்து நிமிஷம். கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது, தூங்கி எழுந்தவன் மாதிரி.

கால் மணி நேரம். டக். பிறகு நாள் முழுக்க டக், டக்.

தாவூது தோளில் துணி ரோலோடு அந்த வழியாகப் போனான். நின்றான். "பாத்துட்டீங்களாண்ணா" என்று மட்டும் கேட்டான்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "ஆள் மேல தப்பில்லீங்க. மிஷின்தானுங்க."

"போன வாரம் ஒண்ணுமில்லைன்னியே?"

"போன வாரம் மத்தியானம் பாத்தனுங்க."

"இப்ப என்ன கோளாறு?"

"தெரியலீங்க."

"அவன் உனக்கு வேண்டிய ஆளு. அதனால பேசறயோன்னு நாலு பேர் சொல்லுவாங்க. கோளாறைக் கையில கொண்டாந்து காட்டு, அவனை மறுபடி ஏத்தறேன். சனிக்கிழமைதான், மாத்தமில்லை."

அக்டோபர் 28, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்! கரண்டுதான்.

விளக்கு எரிகிறது, அப்படியானால் கம்பி சரி. நாக்குதான் இழுபடவில்லை. ஏன் இழுபடவில்லை? இழுக்கிற பலம் போதவில்லை. ஏன் போதவில்லை? ஏழு மணிக்கு ஒரே சங்குக்குப் பன்னிரண்டு மிஷினும் கிளம்புகின்றன. பக்கத்துக் கம்பெனிகளும் அதே நேரம்தான் கிளப்புகிறார்கள். பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் கடைசி ஆளுக்குச் சாம்பார் வராது. கால் மணி நேரத்தில் ஊரெல்லாம் நிதானப்பட்டு, கரண்டு ஏறி, நாக்கு வேலை செய்கிறது. எவ்வளவு சுலபம்!

முதலாளியிடம் பந்தி, சாம்பார் எல்லாம் சொல்லி விளக்கினேன். மருதாள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். நாளை மூன்றாம் நம்பரை மட்டும் அரை மணி தாமதமாகக் கிளப்ப உத்தரவு வாங்கிவிட்டேன்.

வருகிற வழியில் தாவூதைப் பிடித்து, வியாழக்கிழமை நீ மிஷினில் நிற்பாய் என்றேன். "இன்ஷா அல்லா" என்றான். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அவன் வீட்டிலும் போய்ச் சொல்லியிருப்பான்.

அக்டோபர் 29, புதன்

கரண்டு இல்லை.

ஏழரைக்குக் கிளப்பினோம். மற்ற பதினொன்றும் அருமையாக ஓடிக்கொண்டிருந்தன. நூலை அறுத்தேன். விளக்கு எரிந்தது. மிஷின் ஓடியது. முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். ஏழே முக்காலுக்குத்தான் சரியானது, அதாவது கிளப்பிக் கால் மணி நேரம் கழித்து. எப்போது கிளப்பினாலும் அதே கால் மணி.

"சாம்பார் வந்துதா மருதாசலம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தாவூது முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க ஒரு வழி வைத்திருக்கிறேன்: குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வது. இன்று நாலு தடவை சரிசெய்தேன்.

வாய். என் வாய்தான் எல்லாத்துக்கும். ஒண்ணுமில்லைங்கறதும் அதுதான், கண்டுபுடிச்சுட்டேங்கறதும் அதுதான். அவனுக்கு எதுக்குடா போய் ஆசை காட்டின?

அக்டோபர் 30, வியாழன்

இரவெல்லாம் மழை. காலையில் எழுந்து கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் இடது முழங்கால் மடங்க மறுத்தது. மழைக்காலத்தில் எப்போதும் இப்படித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போய், திரும்பி வந்து, மறுபடி போனேன். கால் மணி நேரத்தில் எண்ணெய் விட்டதுபோல மடங்கியது. கண்ணம்மாள் பின்னாலேயே நொண்டி நடித்துக்கொண்டு வந்தாள்.

"மிஷின் சூடாயிருச்சுங்களாப்பா?" என்றாள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

முழங்காலுக்குப் பலம் குறையவில்லை. குளிரிலும் ஈரத்திலும் எங்கேயோ பிடித்துக்கொள்கிறது. சூடு ஏறினால் விட்டுவிடுகிறது. மூன்றாம் நம்பரும் அப்படி என்றால்? ஊர்க் கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எப்போது கிளப்பினாலும், தான் சூடாகக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நாக்கு இழுபடாமல் இல்லை. இழுபட முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் திறந்து பார்த்தேனே? இல்லை. தகரப் பெட்டியைத் திறக்கவில்லை. இரண்டு காரணம். ஒன்று, ஆயுத பூஜையன்று நானே திறந்து, நானே துடைத்து, நானே மூடிய பெட்டி. என் கை பட்ட இடத்தில் என்ன இருக்கப் போகிறது என்கிற மிதப்பு. இரண்டாவது, மூடிமேல் சந்தனப் பொட்டும், குறுக்கே மஞ்சள் கயிறும். பூஜைக் கயிறு தானாக இற்று விழுகிறவரை யாரும் கை வைக்க மாட்டோம். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருமே அந்த மூடியை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் பார்த்தோம்.

அமராவதியிடம், கயிற்றை அறுக்கலாமா என்று கேட்டேன்.

"மனுசன் சோத்துக்கு வழியத்து நிக்கறப்ப முருகன் கயித்தைய எண்ணீட்டு இருப்பாராக்கும்? அறுத்துப் போட்டு ஒரு கும்பிடு போடுங்க."

நாளைக்குச் சங்குக்கு முன்னால்.

அக்டோபர் 31, வெள்ளி

ஆறரைக்கே போய்விட்டேன். தாவூது முன்னாலேயே வந்து ரோல்களை அடுக்கிக்கொண்டிருந்தான். ரோல் சுமக்கிறவனும் சங்குக்கு முன்னால் வருகிறான். சலுகை எனக்கு மட்டும்தான்.

"டார்ச்சு புடிக்கறயா?" என்றேன். பிடித்தான்.

கும்பிட்டேன். கயிற்றை அறுத்தேன். மூடியைக் கழற்றினேன்.

நாக்கு போய் உட்கார்கிற இடத்தில், நாக்குக்கும் இரும்புக்கும் நடுவே, ஒரு பொட்டு. வட்டமாக, கனமாகச் சந்தனம், மேலே குங்குமம். மழை ஈரத்தில் ஊறிப் பசைபோல இருந்தது. விரலால் நாக்கை எடுத்துப் பார்த்தேன், வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன், 'ப்ச்' என்று விட்டது.

அவ்வளவுதான். ராத்திரி ஈரத்தில் ஊறி ஒட்டிக்கொள்கிறது. மிஷின் ஓடிப் பெட்டி சூடானதும் காய்ந்து, அதிர்ந்து, விட்டுவிடுகிறது. நான் எட்டு மணிக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்கு.

பொட்டில், நாக்கு படாத ஓரத்தில், விரல் ரேகை இருந்தது. வளையம் வளையமாக, அழுத்தி வைத்த ரேகை. என் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் சுண்டுவிரல்கூட அதைப்போல் ஒன்றரை மடங்கு.

டார்ச்சு வெளிச்சம் அசையாமல் அந்த இடத்திலேயே நின்றது. தாவூதும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. எனக்கு நிமிரத் தைரியம் இல்லை. இந்த ஒரு வாரம் அவன் ரோல் சுமந்ததும், சபுரா பீவி தக்காளியைப் பார்த்துக்கொண்டு நின்றதும் இந்த ஒரு விரலால்.

"ஏனுங்கண்ணா" என்றான் மெதுவாக. "இவ்வளவு சின்ன விரலு உங்களுக்கு எப்ப இருந்துச்சு?"

நாக்கை இன்னும் விரலால் தூக்கிப் பிடித்திருந்தேன்.

"சுரண்டிப் போடுங்கண்ணா. சங்கு ஊதப் போவுது. அப்புறம் நாலு பேர் வந்துருவாங்க."

கத்தியால் சுரண்டினேன். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். சுரண்டின சந்தனத்தைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சங்கு ஊதியது. மிஷினைக் கிளப்பினோம். முதல் சுற்றிலேயே நூலை அறுத்தேன்.

டக்.

தாவூது கண்ணை மூடிக்கொண்டான். நான் மூக்கைச் சிந்தினேன். பஞ்சுத்தூசி.

நவம்பர் 1, சனி

நேற்று எழுத முடியாமல் விட்டது.

முதலாளி எட்டு மணிக்கு வந்ததும் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். கோளாறைக் கையில கொண்டாந்து காட்டு என்றாரே, கையில்தான் கொடுத்தேன். மோந்து பார்த்தார்.

"சந்தனமா?"

"ஆமாங்க. பெட்டிக்குள்ள, நாக்குக்கு அடியில."

"மூடி மேல வெக்கற பொட்டை உள்ள யாரு கொண்டு போய் வெச்சது? பூஜையன்னிக்கு உம் பாப்பா கிண்ணத்தோட சுத்தீட்டு இருந்துதே?"

"நான்தானுங்க வெச்சேன்."

"நீயா? மெக்கானிக்கு நீ, உனக்குத் தெரியாதா?"

பின்னால் தோளில் ரோலோடு நின்ற தாவூது சொன்னான்: "அண்ணனுக்குப் பக்தி முத்திப் போச்சுங்க முதலாளி."

செக்கிங் மேஜை முழுக்கச் சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டார். "தாவூது, ரோலைக் கீழ வெய்யி. போ, உம் மிஷினைப் பாரு" என்றார். பிறகு என்னிடம், "அடுத்த வருசம் பூஜை முடிஞ்சு நீ பெட்டியத் தொறந்து பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போகோணும்" என்றார். சரிங்க என்றேன். பூசணிக்காய்க்குப் போய் வந்து, திறந்த பெட்டியைப் பார்க்காமல் மூடியது நான்தானே. நான் சொன்னதில் முழுப் பொய்யும் இல்லை.

சாயங்காலம் தாவூதை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என் வாயால கெட்டுதப்பா உனக்கு. பாக்காமப் பேசிப் போட்டேன்."

"உங்க வாயாலதான் சரியும் ஆச்சு. உடுங்கண்ணா."

"பாப்பா தெரியாம..."

"எந்தப் பாப்பா?" என்றான். "நீங்கதான வெச்சீங்க? முதலாளி முன்னால சொன்னீங்களே." டம்ளரை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். "ஆனா ஒண்ணுங்கண்ணா. ஏழு மணிக்கு வர்றதை உட்டுடாதீங்க. நீங்க வந்தா கம்பெனிக்கு ஒரு களை."

இன்று முழுத் துணியிலும் ஓட்டை இல்லை. மருதாள் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தத் துணியில ஒரு பனியன் மெக்கானிக்கண்ணாவுக்குத் தெச்சுக் குடுங்க" என்று கத்தினாள். இனி என் பெயர் பொட்டு மெக்கானிக் என்று தெரிகிறது. பரவாயில்லை. ஓட்டை மெக்கானிக் என்பதற்கு அது மேல்.

நவம்பர் 2, ஞாயிறு

சந்தையிலிருந்து அமராவதி இரண்டு பங்கு தக்காளியோடு வந்தாள். சபுரா அக்கா விலை பேசி வாங்கித் தந்தாளாம். கண்ணம்மாளுக்கென்று ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வேறு. "அக்கா கிட்டக் கேட்டேன், எதுக்குங்கன்னு. எங்கூட்டுக்காரருதான் குடுத்து உட்டாங்க, எனக்கென்ன தெரியும்ங்கறாங்க" என்றாள் அமராவதி. எனக்கும் தெரியாது என்றேன்.

கண்ணம்மாள் பழக்கொட்டையை வாயில் உருட்டிக்கொண்டே மடிக்கு வந்தாள்.

"எம் மிஷின் நல்லா ஓடுதுங்களா?"

"ஓடுது கண்ணு."

"நாக்கு?"

"எந்த நாக்கு?"

"பெட்டிக்குள்ள இருக்குமே. நீங்கதான சொன்னீங்க? நூல் அந்தா அதுதான் மிஷின்கிட்டச் சொல்லும், அறாட்டி நாள் முழுக்கச் சும்மா பாத்துட்டே இருக்கும், அதைய யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்கன்னு." கொட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் மேல பொட்டு வெச்சாங்க. உங்க காலுக்குக்கூட வெச்சாச்சு. அதுக்கு மட்டும் இல்லைங்கப்பா. அதான் நீங்க பூசணிக்கா உடைக்கப் போனப்ப நான் உள்ள கை உட்டு நல்லாப் பெருசா வெச்சேன்."

நான் சொல்லியிருக்கிறேன், அப்படியேதான். பெரிய என்ஜினீயர் மாதிரி.

"அந்தப் பொட்டு இன்னும் இருக்குதுங்களாப்பா? அழியலீங்களே?"

"இருக்குது கண்ணு" என்றேன். "அழியல."

எழுதி வைக்கிறேன்: பெற்ற மகளிடம் பொய். அமராவதி அடுப்பு முன்னால் இருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். மறுபடி அடுப்பை ஊதினாள்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் கிளம்பும்போது அமராவதி கேட்காமலே ஒரு பூவரச இலையில் சந்தனமும் குங்குமமும் மடித்துத் தந்தாள். கூடவே கிழிசல் தைத்த பனியன்.

ஆறே முக்காலுக்குப் போனேன். தாவூது தன் மிஷின் முன்னால் கோன் மாட்டிக்கொண்டிருந்தான். இலையைப் பார்த்தான். ஸ்பானரை எடுத்துப் பெட்டி மூடியைக் கழற்றி, உள்பக்கம் மேலே வருகிற மாதிரி எனக்கு நேராகப் பிடித்தான். எதுவும் அசையாத இடம். நாக்குக்கு நேர் எதிரே.

சந்தனத்தைத் தொட்டேன்.

"சுண்டுவிரல்ல வெய்ங்கண்ணா" என்றான் தாவூது.

சுண்டுவிரலில் வைத்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இதுவே பெருசுதான்."

துடைத்துவிட்டு, விரல் நுனியால் மட்டும் மறுபடி வைத்தேன். நடுவில் குங்குமம். "ம்" என்றான். மூடியை மூடினோம். பொட்டும் நாக்கும் உள்ளே எதிரெதிராக இருட்டில். சங்கு ஊதியது. முதல் சுற்றில் நூலை அறுத்தோம். டக்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நானே கூப்பிட்டுச் சொன்னேன்: "கண்ணு, உம் பொட்டு பத்திரமா இருக்குது. இன்னைக்குக் காலைலகூடத் தொறந்து பாத்தேன்."

"நாக்குக்குத் தெரியற மாதிரி இருக்குதுங்களா?"

"நேராத் தெரியுது."

திருப்தியாக வாய்ப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது யார் வைத்த பொட்டு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.